பாம்பு கடித்த நேரம் எழுதாத கேஸ் ஷீட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரிகளில் தேங்கிக் கிடக்கும் பழைய நோயாளிப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும், இனி வரும் நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துவரும், யாருக்கு ஆபத்து அதிகம் என்பதையெல்லாம் அதுவே சொல்லிவிடும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பதிவிலிருந்து பின்னாளில் என்ன கற்க முடியும் என்பது அது எழுதப்பட்ட இரவிலேயே முடிவாகிவிடுகிறது. டூட்டியில் இருந்தவர் எழுதாமல் விட்டதைப் பத்து வருஷம் கழித்து வாங்கும் எந்த இயந்திரமும் படிக்காது. நெல்லை வட்டாரத்து வார்டுகளில் எது எழுதப்படுகிறது, எது விட்டுப்போகிறது, விட்டுப்போனதால் என்ன கெடுகிறது என்று சில விவரங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் இதனால் நடந்த நன்மை ஒன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூப்பஸ் நோயோடு சேர்க்கப்பட்ட 13 வயதுச் சிறுமிக்குச் சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போகிறது, கணையமும் வீங்கியிருக்கிறது. இரத்தக்குழாயில் அடைப்பு வந்துவிடுமோ என்று பயம். உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் இரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று இன்னொரு பயம். வெளிவந்த ஆய்வுகளில் விடை கிடைக்கவில்லை. தங்கள் ஆஸ்பத்திரிக்கு அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வந்த 98 லூப்பஸ் குழந்தைகளின் மின்பதிவுகளை நான்கு மணி நேரத்துக்குள் தேடிப் பார்த்தார்கள். 10 பேருக்கு அடைப்பு வந்திருந்தது. புரதம் தொடர்ந்து போனவர்களிடமும் கணைய வீக்கம் இருந்தவர்களிடமும் அது பல மடங்கு அதிகம். சிறுமிக்கு 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கப்பட்டது. 98-இல் 10 என்பதை வைத்து உலகத்துக்கே விதி எழுதிவிட முடியாது. ஆனாலும் வெறும் ஊகத்துக்கு இது எவ்வளவோ மேல். தேடியது கம்ப்யூட்டர்தான், தேடினால் அகப்படும்படி புரத அளவையும் தேதியையும் எழுதி வைத்தது மனிதர்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலும் இது நடந்திருக்கிறது. பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் 1835-இல் நிமோனியா நோயாளிகள் 77 பேரின் குறிப்புகளை எடுத்து, நோய் தொடங்கி முதல் நான்கு நாளுக்குள் இரத்தம் வெளியேற்றப்பட்டவர்களையும் அதற்குப் பிறகு வெளியேற்றப்பட்டவர்களையும் பிரித்து எண்ணினார். முதல் கூட்டத்தில் 44 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 25 சதவீதம். இரத்தம் எடுத்தால் நிமோனியா தீரும் என்று ஐரோப்பாவே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நோயின் எத்தனையாவது நாள் என்பதை ஒவ்வொருவருக்கும் அவர் குறித்து வைத்திருந்ததால்தான் இந்தக் கணக்கே சாத்தியமானது. இன்றைக்கு நம் வார்டுகளில் எத்தனை காய்ச்சல் கேஸ் ஷீட்டில் 'காய்ச்சலின் 4-ஆம் நாள்' என்று தினசரிக் குறிப்பு இருக்கிறது? 'அட்மிஷன் 2-ஆம் நாள்' என்றுதான் இருக்கும். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடும் சமயத்தில், பெரும்பாலும் நோயின் 3 முதல் 7-ஆம் நாளுக்குள் வரும். அட்மிஷன் நாளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நம் பக்கத்துக்கு இந்த விஷயத்தைப் பாம்புக்கடியை வைத்துப் பார்ப்பதே பொருத்தம். கார், பிசானம் என்ற நெல் பருவங்களில் வயலில் ஆள் இறங்கும்போது அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரிப் பக்கமிருந்து கடிபட்டவர்கள் வருகிறார்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் எண்ணிக்கை மட்டும் மேலே போனால் கற்பதற்கு ஒன்றும் இருக்காது. நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10-இல் பாம்பு விஷம் எல்லாவற்றுக்கும் T63.0 என்று ஒரே குறியீடு. கட்டு விரியன் நரம்பை முடக்கும். கண்ணாடி விரியன் இரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். குறியீட்டை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒரே நோய்தான். கேஸ் ஷீட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

திறந்தால் என்ன இருக்கிறது? கடித்த நேரம் பெரும்பாலும் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) புத்தகத்தில் இருக்கும், கேஸ் ஷீட்டில் இருக்காது. இருந்தாலும் '2.30' என்று மட்டும் இருக்கும். பகலா, அதிகாலையா தெரியாது. இரவு தரையில் படுத்துத் தூங்கியவர் வயிற்றுவலியோடு எழுந்து, விடியும்போது கண் இமை சொருகி வந்தால், கடித்த தடமே இல்லாவிட்டாலும் கட்டு விரியனை நினைக்க வேண்டும். அந்த நினைப்புக்கு ஆதாரம் நேரமும் படுத்த இடமும்தான். 24 மணிக் கணக்கில் எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது 20 நிமிட உறைவுச் சோதனை. சுமார் 2 மில்லி இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைதல் தொடங்குவதற்குக் கண்ணாடிப் பரப்பு தேவை. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். ஷீட்டில் 'நார்மல்' என்ற ஒரே சொல் இருக்கிறது. கடித்து அரை மணியில் பார்த்த நார்மலா, ஆறு மணி கழித்துப் பார்த்த நார்மலா? முதலாவதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். விஷமுறிவு மருந்து போட்ட பிறகு 6 மணி நேரம் கழித்துச் சோதனையைத் திருப்பிச் செய்வதற்கும் காரணம் உண்டு. தீர்ந்துபோன உறைகாரணிகளைக் கல்லீரல் மறுபடி உண்டாக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால் பார்த்து 'இன்னும் உறையவில்லை' என்று இன்னொரு பத்துக் குப்பி போட்டிருந்தால், பின்னால் படிப்பவருக்கு அது விஷத்தின் வீரியமாகத் தெரியும். உண்மையில் அது பொறுக்காமல் பார்த்த சோதனை.

குப்பிக் கணக்கும் இப்படித்தான். தாலுகா ஆஸ்பத்திரியில் முதல் டோஸ் பத்துக் குப்பி போட்டு 108-இல் ஏற்றி அனுப்புகிறார்கள். அது ரெஃபரல் சீட்டில் இருக்கும். சீட்டு கேஸ் ஷீட்டோடு பின் செய்யப்படாமல் உறவினர் சட்டைப்பையிலேயே போய்விட்டால், பெரியாஸ்பத்திரிப் பதிவில் 'மொத்தம் 10' என்று நிற்கும். உண்மை 20. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் குழிவிரியன் கடியும் உண்டு. நாம் பயன்படுத்தும் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்குத்தான் தயாராகிறது. எவ்வளவு போட்டும் கேட்காத கடிகளைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. குப்பிக் கணக்கே பிசகினால் எதைப் பிரிப்பது?

இவையெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாலும் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 30 குப்பி பெற்றவர்களையும் 10 குப்பி பெற்றவர்களையும் ஒப்பிட்டால், 30 பெற்றவர்களில்தான் டயாலிசிஸும் சாவும் அதிகமாக இருக்கும். மருந்து கெடுதல் செய்தது என்று அர்த்தமில்லை. விஷம் கூடுதலாக ஏறியவருக்குத்தான் கூடுதலாகப் போட்டார்கள். இதற்கு நேர் எதிரான பொறியும் அதே கணக்கில் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது டோஸ் வாங்க வேண்டுமானால் ஆறு மணி நேரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும். வந்த ஒரு மணியில் இறந்தவர் 'ஒரே டோஸ்' கூட்டத்தில்தான் சேர்வார். ஒன்று மருந்தைக் கெட்டதாகக் காட்டும், மற்றது நல்லதாகக் காட்டும், எது எவ்வளவு என்று தெரியாது. வந்த நேரத்தில் நிலைமை எப்படி இருந்தது என்பதை ஒரே மாதிரி அளவுகோலில் எழுதியிருந்தால் மட்டுமே ஒத்தவரை ஒத்தவரோடு வைத்துப் பார்க்கலாம். கடித்து எத்தனை மணி நேரம், முதல் உறைவுச் சோதனை, இமை சொருகல் உண்டா இல்லையா, முதல் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை), முதல் ஆறு மணி நேரச் சிறுநீர் அளவு ஆகிய ஐந்தும் இருந்தால் அந்த ஒப்பீடு ஓரளவு நிற்கும்.

இயந்திரத்துக்கும் இதே பொறிதான். அமெரிக்காவில் 1990-களில் நிமோனியா நோயாளிகளின் பழைய பதிவுகளைக் கொடுத்து, யாருக்கு மரண ஆபத்து அதிகம் என்று கணிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு என்று அது கற்றுக்கொண்டது. ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா வந்தால் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள்; அதனால் பிழைத்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பு கம்ப்யூட்டருக்குக் கொடுத்த அட்டவணையில் இல்லை. அந்தக் கணிப்பை அப்படியே நம்பியிருந்தால் ஆஸ்துமாக்காரர்களை ஓ.பி.யிலேயே பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்களிடம் நம் ஊர் ஆஸ்பத்திரி நிர்வாகிகள் இந்த ஒரு கதையைச் சொல்லி, 'உங்களுடையது இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?' என்று கேட்டுப் பார்க்கலாம்.

முடிவு என்ன ஆயிற்று என்பதுதான் நம் பதிவுகளில் மிகவும் பலவீனமான பகுதி. 'இனிமேல் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டு போய்விடுகிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது நம் பக்கத்து வழக்கம். சொந்த வீட்டில் உயிர் போகட்டும் என்ற எண்ணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதிவேட்டில் அது 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக டிஸ்சார்ஜ்'. ஆஸ்பத்திரியின் மரணக் கணக்கில் வராது. எந்த வார்டில் இப்படிப் போகிறவர்கள் அதிகமோ அந்த வார்டில் சாவு குறைவு என்று கணக்கு காட்டும். மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பப்பட்டவர்களின் கதையும் 'ரெஃபர்ட்' என்ற சொல்லோடு முடிந்துவிடும். செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல: ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் வீட்டுக்கு ஒரு போன். யார் பேசியது, என்ன சொன்னார்கள், தேதி என்று ஒரே வரியில் எழுதினால் போதும்.

இறப்புச் சான்றுக்கான படிவம் 4-ஐயும் சொல்லாமல் விட முடியாது. அதில் உடனடிக் காரணம், அதற்கு இட்டுச் சென்ற காரணம், அடிப்படைக் காரணம் என்று படிப்படியாக வரிகள் உண்டு. உடனிருந்த மற்ற நோய்களுக்குத் தனிப் பகுதியும் உண்டு. முதல் வரியில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதி மற்றதைக் காலியாக விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இறந்த எவருக்கும் இதயமும் மூச்சும் நின்றுதான் இருக்கும். அதை எழுதுவதற்குப் படிவமே வேண்டாம். கடைசி வரியில் 'கண்ணாடி விரியன் கடி' என்று வந்தால்தான் அந்தச் சாவு பாம்புக்கடிக் கணக்கில் சேரும்.

ஒரே ஆளை ஒரே ஆளாக அடையாளம் காண்பது அடுத்த சிக்கல். இசக்கியம்மாள் என்ற பெயர் ஒரு தடவை ஆங்கில 'இ' எழுத்திலும் அடுத்த தடவை 'ஐ' எழுத்திலும் தொடங்கும். 'கே' ஒன்றா இரண்டா என்பது டைப் அடிப்பவர் விருப்பம். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ஒரே ஊரில் நான்கு பேச்சியம்மாள், வயதும் ஐம்பதைச் சுற்றித்தான். வயது தெரியாதவர்களுக்கு 45, 50, 60 என்று ரவுண்டாகப் போடுவதால் பதிவேட்டில் 47 வயதுக்காரர் அபூர்வம். போன் நம்பரோ திருப்பூரில் இருக்கும் மகனுடையது. இதனால் மூன்று வருஷமாகச் சர்க்கரைக்கு வந்துபோகும் ஒரு பெண் கம்ப்யூட்டரில் மூன்று பெண்கள். அந்த மூன்று பேரும் 'ஒருமுறை வந்து நின்றுவிட்டவர்கள்'. பெயரைத் தமிழிலும் எழுதுவது, தாயார் பெயரைச் சேர்ப்பது, பிறந்த வருஷத்தைக் கேட்பது, ஆஸ்பத்திரி முதல் தடவை கொடுத்த பதிவு நம்பரையே சாகும்வரை வைத்திருப்பது ஆகியவற்றுக்குச் செலவு கிடையாது. 14 இலக்க ஆபா (மத்திய அரசின் மருத்துவக் கணக்கு) எண் இருப்பவர்களிடம் அதையும் வாங்கிக்கொள்ளலாம். அது இல்லை என்பதற்காக யாரையும் வரிசையில் நிறுத்தி வைக்கக் கூடாது.

'தொழில்' என்ற கட்டத்தைப் பாருங்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்ணுக்கு அதில் 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதியிருக்கும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருபது வருஷமாகப் பீடி சுற்றியவர் அவர். இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் வந்தவரின் பதிவில் புகையிலைத் தூள் பற்றி ஒரு சொல் இல்லை. பீடித் தொழிலால் நுரையீரல் எவ்வளவு கெடுகிறது என்று இந்த வட்டாரத்துப் பதிவுகளில் தேடினால், கெடவே இல்லை என்று விடை வரும். 'வீட்டில் என்ன வேலை செய்வீர்கள், எத்தனை வருஷமாக?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பனையேறி விழுந்தவரை வெறும் 'கூலி' என்று எழுதுவதும் இதே ரகம்.

மாவட்ட எல்லையையும் மறந்துவிடக் கூடாது. 2012-இல் கடையநல்லூரைச் சுற்றி டெங்கு கடுமையாகப் பரவியபோது அது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். 'திருநெல்வேலி மாவட்ட டெங்கு' என்று அந்தக் காலத்துப் பதிவையும் இந்தக் காலத்துப் பதிவையும் பக்கத்தில் வைத்து, நோய் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்தால் அது பாதி நிலப்படக் கணக்கு. ஊர்ப்பெயரையும் பின்கோடையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இல்லை என்பதும் பார்க்கவில்லை என்பதும் ஒன்றல்ல. பதிவில் இரண்டும் வெற்றிடமாகவே இருக்கின்றன. உண்ணிக்காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் மழை, பனிக் காலங்களில் நம்மிடம் வருகிறது. புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சிக் குஞ்சு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கருகிய புண் இருக்கும். வலிக்காது. இடுப்பு மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, காதுக்குப் பின்புறம் என்று மறைவிடங்களிலேயே இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. கேஸ் ஷீட்டில் புண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை என்றால், உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தும் இல்லையா, பெண் நோயாளி என்று சேலையை விலக்காமலே விட்டார்களா? 'தேடினேன், இல்லை' அல்லது 'தேடவில்லை' என்று இரண்டில் ஒன்றை எழுதும் கட்டம் வேண்டும். கூடவே இதற்கான மருந்தாகிய டாக்சிசைக்ளின் எந்த மணிக்குத் தொடங்கியது, காய்ச்சல் எந்த மணிக்கு இறங்கியது என்பதும். இந்த நோயில் பெரும்பாலானவர்களுக்கு மருந்து தொடங்கி 48 மணிக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். அப்படி இறங்கியதே ஒரு சான்று. இவை இல்லாத பதிவில், ஒரே ஒரு வைடால் சோதனை பாசிட்டிவ் என்பதை வைத்து 'டைஃபாய்டு' என்று டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியிருப்பார்கள். முன்பு வந்துபோன தொற்றினாலும் வைடால் பாசிட்டிவ் காட்டும். அந்தச் சம்மரியிலிருந்து கற்கும் எவரும், மனிதரோ இயந்திரமோ, நெல்லையில் டைஃபாய்டு மலிந்து கிடக்கிறது என்றுதான் கற்பார்.

இனி, சாஃப்ட்வேர் எதுவும் இல்லாமலே ஒரு சிறிய ஆஸ்பத்திரி பழைய பதிவுகளைப் படிக்க விரும்பினால் எப்படித் தொடங்குவது? கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 'கடித்து மூன்று மணிக்குள் மருந்து பெற்றவர்களுக்கும் பிந்திப் பெற்றவர்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பில் வித்தியாசம் உண்டா?' என்பது போல. அடுத்து, குறிப்பிட்ட இரண்டு வருஷத்தில் வந்த எல்லாக் கேஸையும் வரிசையாக எடுக்க வேண்டும். ஞாபகத்தில் நிற்கும் கேஸ்களை மட்டும் எடுத்தால் அதிசயங்கள்தான் கிடைக்கும். அட்மிஷன் ரிஜிஸ்டரில் உள்ள எண்ணிக்கைக்கும் ரெக்கார்டு ரூமில் கிடைத்த ஷீட்டுகளுக்கும் எவ்வளவு இடைவெளி என்று முதலிலேயே எழுதி வையுங்கள். காணாமல் போன ஷீட்டுகள் பலவும் கோர்ட்டுக்கோ விசாரணைக்கோ போனவை; அவற்றில்தான் சாவுகள் இருக்கும்.

பிறகு ஒரு பக்கப் படிவம். அதை முதலில் 20 ஷீட்டில் மட்டும் சோதிக்க வேண்டும். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கலக்காமல் அதே 20 ஷீட்டையும் படித்து நிரப்பட்டும். 'வந்த நேரம்' என்ற கட்டத்தில் ஒருவர் ஏ.ஆர். நேரத்தையும் மற்றவர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் எழுதிய முதல் குறிப்பின் நேரத்தையும் போட்டிருப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். எதை எடுப்பது என்று முடிவு செய்து, அந்த முடிவைப் படிவத்தின் பின்புறம் எழுதிவிட்டுத்தான் மீதி ஷீட்டுக்குள் போக வேண்டும். விடை தெரிந்தவர் நிரப்பினால் கை தானாக ஒரு பக்கம் சாயும். ஆகவே, முடிவைப் படிப்பவரும் சிகிச்சை நேரத்தைப் படிப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. கிடைக்காத விவரத்துக்கு '9' என்றோ 'கிடைக்கவில்லை' என்றோ குறிக்க வேண்டும். பூஜ்ஜியம் போட்டுவிட்டால் சிறுநீர் அளவு பூஜ்ஜியம் என்று கணக்கில் ஏறிவிடும்.

சின்ன எண்ணிக்கையில் கிடைக்கும் நல்ல செய்தியை உடனே நம்ப வேண்டாம். 30 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் ஒவ்வாமை வரவில்லை என்றால், மூன்றை முப்பதால் வகுத்துக்கொள்ளுங்கள்: உண்மையான விகிதம் 100-க்கு 10 வரைகூட இருக்கலாம். 300 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால்தான் அது 100-க்கு ஒன்று என்ற அளவுக்குள் வரும். புள்ளியியலில் பழக்கமில்லாதவருக்கும் இந்த ஒரு வகுத்தல் கைகொடுக்கும்.

ரகசியம் காப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 'வயது 34, பெண், இன்ன கிராமம், ஐப்பசியில் பாம்புக்கடி' என்று இருந்தால் அந்த ஊர் டீக்கடையில் யார் என்று சொல்லிவிடுவார்கள். கிராமத்துக்குப் பதில் வட்டாரம், தேதிக்குப் பதில் மாதம், வயதுக்குப் பதில் வயதுப் பிரிவு என்று மாற்ற வேண்டும். பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) நம்பரும் உள்ள பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்க வேண்டும். அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளை ஆராய்வதற்கு நோயாளியின் ஒப்புதலைத் தளர்த்த நெறிமுறைக் குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. குழுவைக் கேட்காமலே தொடங்கிவிட அது அனுமதி அல்ல. பெயர் தெரியும்படி கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் 'ஒப்பீனியன் ப்ளீஸ்' என்று போடுவது எந்த வழிகாட்டுதலிலும் இல்லை.

2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். மூன்றாண்டு என்பது குறைந்தபட்சம். அது முடிந்த மறுநாளே எடைக்குப் போடும் ஆஸ்பத்திரிகள் கற்பதற்கு இருந்ததையும் சேர்த்து விற்றுவிடுகின்றன. வைத்திருக்கிறவர்களும் ரெக்கார்டு ரூமைத் தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, சுவரை ஒட்டிய மர அலமாரியில் வைக்கிறார்கள். கரையானுக்கு அதைவிட வசதி வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது தரைத்தளம் என்றால் என்ன என்று எல்லோரும் பார்த்தோம். முதல் மாடி, சுவரிலிருந்து அரை அடி தள்ளிய இரும்பு ரேக், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓர் அடி உயரம். இ.சி.ஜி. தாள் வெப்பத்தால் எழுதப்படுவது. வெயில் படும் இடத்திலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் சில வருஷத்தில் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைப்பது ஒன்றுதான் வழி.

பொதுமக்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஓ.பி. சீட்டு நோயாளியின் கையிலேயே போய்விடுவதால், பல குடும்பங்களின் மருத்துவ வரலாறு ஆஸ்பத்திரியில் இல்லை, வீட்டு மஞ்சப்பையில்தான் இருக்கிறது. அதைத் தேதிவாரியாக, புதியது மேலே வரும்படி அடுக்கி வையுங்கள். மருந்துக்கடை பில்லை எடுத்துவிடலாம். லேப் ரிப்போர்ட், இ.சி.ஜி., ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மக்களைத் தேடி மருத்துவத்தில் எழுதிக் கொடுக்கும் பிரஷர், சர்க்கரை அட்டை ஆகியவற்றை எறியக் கூடாது. இன்றைக்கு கிரியேட்டினின் 1.8 என்று வருகிறது. போன வருஷம் 0.9 இருந்திருந்தால் சிறுநீரகம் இப்போது திடீரென்று அடி வாங்கியிருக்கிறது, காரணத்தை உடனே தேட வேண்டும். போன வருஷமே 1.7 என்றால் அது நாள்பட்டது, வைத்தியமே வேறு. நெஞ்சுவலியோடு வந்தவரின் இ.சி.ஜி.யில் தெரியும் மாற்றம் புதிதா பழையதா என்பதும், எக்ஸ்ரேயில் தெரியும் தழும்பு ஆறிப்போன பழைய காசநோயா என்பதும் அப்படித்தான். இதற்கு ஆயிரம் பேரின் பதிவு தேவையில்லை, அவருடைய பழைய தாள் ஒன்று போதும். எந்த ஊசிக்கு, எந்த மாத்திரைக்கு ஒவ்வாமை வந்தது என்பதைப் பைக்குள் இருக்கும் முதல் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

மாவட்டத்து ஆஸ்பத்திரிகள் எல்லா நோய்க்கும் ஒரே நாளில் படிவம் மாற்ற வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வரும் பிசான அறுப்புக்கு முன், பாம்புக்கடிக்கு மட்டும் ஒரு பக்கத் தாளை அச்சடித்து கேஷுவாலிட்டியிலேயே கேஸ் ஷீட்டின் முதல் பக்கமாகப் பின் செய்தால் போதும். கடித்த நேரம், வந்த நேரம், உறைவுச் சோதனை பார்த்த நேரங்கள், வேறு ஆஸ்பத்திரியில் போட்டது உட்பட மொத்தக் குப்பி, தினசரிக் கிரியேட்டினின், ஏழாம் நாள் போனில் கேட்ட நிலை. தாலுகா ஆஸ்பத்திரியும் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியும் ஒரே தாளைப் பயன்படுத்த வேண்டும். 108-இல் நோயாளியோடு அந்தத் தாளும் ஏற வேண்டும். அச்சுச் செலவு ஒரு தாளுக்கு ஒரு ரூபாயைத் தாண்டாது.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவேட்டுப் பணியிலும் வார்டுப் பணியிலும் உள்ளோர் சிலர்,
பாளையங்கோட்டை.